சனிக்கிழமை இரவுகளில் எங்கள் வீட்டில் என்ன நடக்கிறது?



நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டுக் கீழே போய்க் கருத்துப் போட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வினாத்தாளை முழுதாக வாசிக்காமல் விடை எழுதாதே என்று இருபத்தாறு வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறவன். பெரியவர்களுக்கும் ஒருமுறை சொன்னால் குற்றமில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் எங்கள் பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. "ஒரு ஆசிரியர் தன் வீட்டில் சனிக்கிழமை இஷாவுக்குப் பிறகு இரகசிய வகுப்பு நடத்துகிறார், வெளியூர் ஆட்கள் வருகிறார்கள், பெண்களும் வருகிறார்கள், என்ன கொள்கை என்று தெரியவில்லை" என்பது சாரம். அந்த ஆசிரியர் நான்தான். தலைவர் ஹாஜியார் கடிதத்தை மடித்து என் கையில் தந்து, "சேர், இதுக்கு என்ன செய்றதெண்டு நீங்களே பாருங்க" என்றார். எழுத்துப் பிழைகளைச் சிவப்புப் பேனையால் திருத்தித் திருப்பிக் கொடுக்கத்தான் முதலில் மனம் வந்தது. யாரிடம் கொடுப்பது?

கடிதத்தின் பிரதி வேறு இடத்துக்கும் போயிருக்கிறது போல. பத்து நாள் கழித்து சிவில் உடையில் இருவர் வீட்டுக்கு வந்தார்கள். மரியாதையாகத்தான் கதைத்தார்கள். யார் வருகிறார்கள், எத்தனை பேர், எந்த ஜமாஅத் என்று கேட்டு எழுதிக்கொண்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். எனக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஏழு பேர் வந்துகொண்டிருந்த இடத்தில் அடுத்த சனிக்கிழமை நாலு பேர்தான் வந்தார்கள். வராத மூவரில் ஒரு தம்பி இன்றுவரை என் தொலைபேசியை எடுக்கவில்லை.

அதனால்தான் எழுதுகிறேன். வருகிறவர்களிடம் கேட்டு, எழுதியதை வாசித்துக் காட்டி, ஆள் அடையாளம் தெரியாதபடி சில விசயங்களை மாற்றித்தான் போடுகிறேன். இது யார், அது யார் என்று துப்புத் துலக்க வேண்டாம்.

முதலில் அந்தத் தம்பியின் கதை.

என்னிடம் படித்த பிள்ளை. உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு, கெட்டிக்காரன். பரீட்சை எழுதிய வருடம் அவனுடைய வாப்பா மௌத்தானார். வேறொரு ஊரில் கடையொன்றில் கணக்கு எழுதும் வேலை கிடைத்துப் போனான். அங்கே ஒரு மேல்மாடி வீட்டில் ஒரு உஸ்தாத் தப்ஸீர் வகுப்பு நடத்தினார். வகுப்பில் யாரும் யாரையும் ஏசவில்லை, மிரட்டவில்லை. "வாப்பா மௌத்தாகி எத்தனை மாதம்? சாப்பிட்டியா? ராவைக்கு நித்திரை வருதா?" என்று கேட்டார்கள். ஊரில் ஜனாஸாவுக்கு ஐந்நூறு பேர் வந்தோம். நாற்பதாம் நாளுக்குப் பிறகு எங்களில் ஒருவர்கூட அவனிடம் அப்படிக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பிறகு பைஅத். பிறகு சம்பளத்தில் ஒரு பங்கு. பிறகு, நம்ம ஊர் இமாமுக்குப் பின்னால் தொழுதால் கூடாது. பிறகு, உம்மா ஆக்கிய இறைச்சியை அறுத்தவன் யார், அவன் ஈமான் உள்ளவனா என்ற கேள்வி. ஒரு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வீட்டுக்கு வந்தவன் வெறும் சோற்றில் பருப்பை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போனானாம். உம்மா அன்று முழுக்க அடுப்படியில் இருந்து அழுதிருக்கிறா. மூத்தப்பாவின் ஜனாஸாவுக்கு வந்தவன் தொழாமல் மதில் ஓரமாக நின்றான். அன்று அவனைப் பார்த்து ஊர் என்னவெல்லாம் சொன்னது என்று உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நானும் சொன்னவன்தான்.

மூன்று வருடம். முடி வெட்டுவதற்கும், ஊருக்கு வருவதற்கும், புது சிம் வாங்குவதற்கும் அனுமதி கேட்க வேண்டும். அதற்கு அவர்கள் 'மஷூரா' என்று பெயர் வைத்திருந்தார்கள். எவ்வளவு அழகான சொல்!

அவன் வெளியே வந்தது கொள்கை விளங்கி அல்ல. உம்மாவுக்கு ஒப்பரேசன் என்று செய்தி வந்தது. போக அனுமதி கேட்டான், கிடைக்கவில்லை. இரவு எட்டு மணிக்கு பஸ் எடுத்து வந்துவிட்டான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு தொலைபேசிக்கு வந்தவை எல்லாம் ஒரே மாதிரியான செய்திகள்: பைஅத்தை முறித்தவனுடைய மௌத்து ஜாஹிலிய்யத்தான மௌத்து.

வந்து சில வாரத்தில் உம்மா அவனை என்னிடம் கூட்டி வந்தா. பாடசாலையில் நான் வரலாறு படிப்பிக்கிறேன், கூடவே ஆலோசனை வழிகாட்டலும் என் பொறுப்பு. பொறுப்பு என்றால், சில நாள் பயிற்சியும் ஒரு சான்றிதழும். பிள்ளை படிக்கிறான் இல்லை, போனை வைத்துக்கொண்டு இருக்கிறான் என்று வரும் பெற்றோரோடு கதைக்க அது போதும். இதற்குப் போதாது. எனக்கு அது விளங்கவில்லை. ஒரு நல்ல மௌலவியிடம் கூட்டிப் போனேன். நம்ம ஊரில் எல்லோரும் மதிக்கிறவர், கோபப்படாதவர். இரண்டு மணித்தியாலம் ஒவ்வொரு ஆதாரமாக எடுத்து, அந்த உஸ்தாத் எங்கே பிழைவிட்டார் என்று விளக்கினார். தம்பி எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். எனக்குப் பெரிய சந்தோசம்.

திரும்பி வரும் வழியில் மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து சொன்னான்: "சேர், அங்கயும் மூணு வருசம் தலையாட்டினன். இங்கயும் தலையாட்டினன். ரெண்டும் ஒரே மாதிரித்தான் சேர் இருந்திச்சு."

நான் பதில் சொல்லவில்லை. காற்றில் கேட்காத மாதிரி ஓட்டினேன்.

நோன்புப் பெருநாளுக்கு இரண்டு நாள் இருக்கையில் கல்முனையில் ஒரு உடுப்புக் கடையில் நின்று அழைப்பெடுத்தான். "சேர், எந்த நிறத்தில சேட் வாங்குற?" நான் சிரித்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அந்தக் கடையில் ஒரு மணித்தியாலமாக நிற்கிறான், எடுத்து எடுத்து வைக்கிறான், எதையும் முடிவெடுக்க முடியவில்லை, கடைக்காரர் திருடனோ என்று பார்க்கிறார். இருபத்தைந்து வயதுப் பிள்ளை.

அன்றிரவுதான் இது வேறு ஏதோ என்று எனக்குப் பட்டது. தேடி வாசிக்கத் தொடங்கினேன். மார்கரெட் சிங்கர் என்று அமெரிக்காவில் ஒரு உளவியலாளர் இருந்தார். 1970களில் அங்கே பல மூடிய மதக் குழுக்களிலிருந்து வெளியே வந்த இளைஞர்களை ஒன்றாக உட்காரவைத்துக் கதைக்கவிட்டு, கேட்டதை வைத்து 1979இல் ஒரு கட்டுரை எழுதினார். அதை வாசித்தபோது என் மாணவனைப் பற்றி யாரோ எழுதிய மாதிரி இருந்தது. சின்ன விசயங்களுக்குக்கூட முடிவெடுக்க முடியாமை. கடுமையான தனிமை. எல்லோரும் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், எப்போது திரும்பிப் போவான் என்று காத்திருக்கிறார்கள் என்ற உணர்வு. என்ன நடந்தது என்று யாருக்கும் விளக்க முடியாத வேதனை. குழுவுக்காகத் தான் செய்தவற்றை நினைத்துக் குற்ற உணர்வு. உலகத்தைத் திருத்தப் போகும் விசேசமான ஆளாக இருந்தவன் வெறும் கடைக் கணக்கெழுதுகிறவனாக மீள்வதில் உள்ள வெறுமை. ஒரு பாட்டு, ஒரு சொல், ஒரு வாசம் பட்டதும் பழைய மயக்க நிலைக்குள் மனம் வழுக்கிப் போய்விடுவது. இதை அவர்கள் 'மிதத்தல்' என்று சொல்லியிருக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் பழைய நிலைக்கு வர 6 முதல் 18 மாதம் வரை எடுத்தது என்று சிங்கர் எழுதுகிறார்.

நாம் என்ன செய்கிறோம்? ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் வரிசையில் நிற்கவைத்துவிட்டால் ஆள் சரி என்று நினைக்கிறோம்.

தம்பிக்கு வழுக்கல் வந்த இடத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊர் அதிகம் கதைப்பது அதைப் பற்றித்தான். அவன் தொழுவதில்லை. பள்ளி வாசல்வரை வருவான், செருப்பைக் கழற்றுவான், மறுபடி மாட்டிக்கொண்டு போய்விடுவான். "அங்க போய்க் கெட்டான், இப்ப தொழுகையும் இல்ல" என்று கடைத் திண்ணையில் சொல்லாதவர் இல்லை. உண்மை என்னவென்றால், இமாம் கிராஅத்தைத் தொடங்கியதும் அவனுக்குக் கேட்பது இமாமின் குரல் இல்லை. அந்த உஸ்தாதின் குரல். ஒவ்வொரு இரவும் அவர் நீட்டி ஓதுவாராம், ஓதி முடித்து அன்றைக்கு யார் பிழை செய்தார்கள் என்று பெயர் சொல்லிக் கேட்பாராம். இப்போது கிராஅத் தொடங்கினால் கை கால் குளிர்ந்து, தன் பெயர் வரப்போகிறது என்று காத்திருக்கிறான். இதை அவன் உம்மாவிடம் சொல்லவில்லை, மௌலவியிடம் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை.

சொன்னது ஒரு ராத்தாவிடம்.

அந்த ராத்தா வேறொரு பக்கத்திலிருந்து வந்தவ. இவன் இருந்த குழுவுக்கு நேர் எதிரான பக்கம். ஓதிப் பார்க்கிற ஒரு பாவாவைச் சுற்றி இருந்த கூட்டம். புருசனும் அவவும் ஒன்பது வருடம் அதில் இருந்திருக்கிறார்கள். நகை, வளவு எல்லாம் போய், கடைசியில் மகளின் கலியாணத்தை யாருக்குச் செய்வது என்று பாவா சொன்ன இடத்தில் அவவுக்கு ஏதோ அறுந்திருக்கிறது. மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டா. புருசன் இன்னும் அங்கேதான். என் மனைவியின் தூரத்து உறவு என்பதால் ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தா. தம்பியும் தற்செயலாக அன்று வந்தான். சோபாவின் இரு முனையில் இருவரும். நான் வழக்கம்போல ஏதோ புத்தகத்தைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன். ராத்தா இடையில், யாரையும் பார்க்காமல், "எனக்கு இன்னமும் யாஸீன் ஓத ஏலாது சேர். பாவாட குரல்தான் காதில கேக்குது. வாப்பாட கபுறடியிலயும் ஓதாமத்தான் வந்தன்" என்றா.

தம்பி தலையை நிமிர்த்தி அவவைப் பார்த்தான். ஊருக்கு வந்து எட்டு மாதத்தில் அவன் ஒருவரை நேராகப் பார்த்ததை அன்றுதான் நான் கண்டேன். "உங்களுக்குமா?" என்று கேட்டான்.

அதற்குப் பிறகு ஒன்றரை மணித்தியாலம் இருவரும் கதைத்தார்கள். நானும் மனைவியும் குசினிக்குள் போய்விட்டோம். சனிக்கிழமைக் கூட்டம் ஆரம்பமான கதை இவ்வளவுதான். கொள்கை கேட்டவர்களுக்கு: ஒருவர் தௌஹீத் பக்கத்தால் போய் மாட்டியவர், ஒருவர் தரீக்கா பக்கத்தால் போய் மாட்டியவர். இதை வைத்து இரு பக்கத்தவரும் ஒருவரை ஒருவர் குத்திக்காட்ட வேண்டாம். ஆளைப் பிடித்து வைக்கிற விதம் இரண்டு இடத்திலும் ஒன்றாகவே இருந்திருக்கிறது.

வேறு நாடுகளில் இதற்கென்று முறையான குழுக்கள் இருக்கின்றன. எனக்கு அதிகம் பிடித்தது ஜப்பானில் உள்ளது. 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயில்களில் ஓம் ஷின்ரிக்கியோ என்ற குழு சரின் நச்சுவாயுவை விட்டது. பத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள், ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். வாயுவை விட்டவர்களில் ஒருவர் இதயச் சத்திரசிகிச்சை நிபுணர். படிக்காதவன்தான் ஏமாறுவான் என்று சொல்பவர்கள் கவனிக்க. அந்தக் குழுவிலிருந்து ஆட்களை வெளியே எடுப்பதற்குத் தகிமோத்தோ தாரோ என்ற சட்டத்தரணி குடும்பங்களுக்கு உதவி வந்தார். அதற்காக 1994இலேயே அவருடைய காரில் சரின் போட்டுக் கொல்லப் பார்த்தார்கள். தப்பினார். அந்தக் குழுவின் குரு தியானத்தில் அந்தரத்தில் மிதப்பதாக ஒரு படம் பிரபலம். இந்தச் சட்டத்தரணி என்ன செய்தார் தெரியுமா? சம்மணம் போட்டபடி துள்ளப் பழகி, தானும் அந்தரத்தில் 'மிதக்கிற' படத்தை எடுத்துக் காட்டினார். சட்டத்தரணியும் மிதக்கலாம்!

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தப் படத்தைப் பற்றி அல்ல. அந்த மாதிரி ஆதாரங்கள் ஆளை வெளியே எடுக்கத்தான் உதவும். வெளியே வந்தவர்கள் பிறகு எங்கே போவது? 1995இல் அவர் துணையோடு வெளியே வந்தவர்களே சேர்ந்து 'கனாரியா சங்கம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். கனாரியா என்பது அந்தச் சின்ன மஞ்சள் குருவி. ஒருவரோடு ஒருவர் கதைக்க, அனுபவத்தை எழுத, உள்ளே இருப்பவர்களுக்குக் கதவு திறந்திருக்கிறது என்று காட்ட. முழு நாடும் வெறுத்த ஒரு கூட்டத்திலிருந்து வந்தவர்கள். தன்னைக் கொல்லப் பார்த்த கூட்டத்தில் இருந்தவர்களுக்கு அந்த மனிதர் துணைக்கு நின்றார்.

எங்களிடம் சங்கமும் இல்லை, பெயரும் இல்லை. பெயர் வைக்காததற்குக் காரணம் இருக்கிறது.

இந்த நாட்டில் 'புனர்வாழ்வு' என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். முகாம். 2009இல் யுத்தம் முடிந்து சரணடைந்த தமிழ் இளைஞர்கள் அந்தச் சொல்லுக்குள் என்ன பார்த்தார்கள் என்று அவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று 260க்கும் மேற்பட்ட உயிர்கள் போன பிறகு அந்தச் சொல் எங்கள் வாசலுக்கும் வந்தது. 2021 மார்ச்சில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஒரு வர்த்தமானி வெளியானது, நினைவிருக்கும். வழக்கு விசாரணை இல்லாமலே ஒருவரைப் புனர்வாழ்வு நிலையத்தில் ஒரு வருடம் வரை வைக்க அதில் இடமிருந்தது. அதே வருடம் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. ஆனால் பயம் இடைநிற்கவில்லை. "நான் ஒரு குழுவில் இருந்து வெளியே வந்தேன், எனக்கு உதவி வேணும்" என்று ஒரு முஸ்லிம் பிள்ளை இந்த நாட்டில் யாரிடம் போய்ச் சொல்லும்? எந்தக் குழு என்று கேட்பார்கள். யார் யார் என்று கேட்பார்கள். அவன் இருந்த குழு யாருக்கும் கத்தி காட்டியதில்லை. இருந்தும் என்ன? அந்த ஏப்ரலில் நானே என் வாப்பாவின் இரண்டு பழைய அரபுக் கிதாபுகளை அரிசி மூட்டைக்குள் ஒளித்துவைத்தவன். ஒன்று ஃபிக்ஹு, மற்றது நஹ்வு. இலக்கணப் புத்தகத்தையும் ஒளித்தோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சஹ்ரானைச் சுற்றி ஒரு கூட்டம் சேர்வதைக் காத்தான்குடி ஆட்கள் பலர் முன்கூட்டியே கண்டார்கள், 2017 மார்ச்சில் அங்கே மோதல் நடந்ததும் முறைப்பாடுகள் போனதும் எல்லோருக்கும் தெரிந்தது. யாரைப் பிடிக்க வேண்டும் என்று அன்று நிறையப் பேர் சொன்னார்கள். ஆனால் இப்படியான கூட்டங்களுக்குள்ளிருந்து மனம் மாறி வெளியே வர நினைக்கிற ஒருவன் எந்தக் கதவைத் தட்டுவது என்று அன்றும் யாரும் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை. கதவு இல்லாத வீட்டிலிருந்து எப்படி வெளியே வருவான்?

சரி, கூட்டத்தில் என்ன நடக்கிறது? பெரிதாக ஒன்றும் இல்லை. வருகிறவர்கள் உட்காருவார்கள். விரும்பினால் கதைப்பார்கள். ஒரு இரவு முழுக்க ஒருவர் வேலைத்தலத்தில் மேலாளரோடு நடந்த சண்டையைப் பற்றியே கதைத்தார். அதிகாரி சத்தம் போட்டதும் தன்னையறியாமல் எழுந்து கைகட்டி நின்றுவிட்டாராம். இன்னொரு நாள் ராத்தா, மகளுக்குச் சாரி எடுக்கும்போது தனக்கும் ஒன்று எடுத்ததைச் சொன்னா. பச்சை நிறம். ஒன்பது வருடம் வெள்ளையும் கறுப்பும்தான். அதற்கு எல்லோரும் கைதட்டினார்கள்.

சில பழக்கங்கள் தானாக வந்தன. "ஏன் போனாய்?" என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. ஆயத்து, ஹதீஸ் ஆதாரம் காட்டி யாரையும் திருத்துவதில்லை. மார்க்கத்தில் குறைவு என்பதால் இல்லை, அந்த ஆயத்துகளாலேயே அடிபட்டவர்கள் என்பதால். எழும்பிப் போக விரும்பினால் காரணம் சொல்லாமல் போகலாம். முதல் மாதங்களில் பாத்ரூம் போகக்கூடத் தம்பி என் முகத்தைப் பார்ப்பான். இப்போது பார்ப்பதில்லை. முன்கதவு திறந்தே இருக்கும். கடிதத்தில் கதவு சாத்தியிருந்ததாக எழுதியது பிழை. ஆனால் நுளம்புக்காக வலைக்கதவைச் சாத்துவோம், அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு பிழை என்னிடமும் நடந்தது. மூன்று நாலு மாதம் போனதும் எல்லோரும் என் பக்கம் திரும்பிக் கதைக்கத் தொடங்கினார்கள். "சேர் என்ன சொல்றீங்க?" இந்த வேலைக்குப் போகலாமா சேர், உம்மாக்கு இதைச் சொல்லலாமா சேர். எனக்கு அது பிடித்திருந்தது, பொய் சொல்லவில்லை. வகுப்பில் பிள்ளைகள் கேட்காத காலத்தில் வீட்டில் ஏழு பேர் நான் சொல்வதைக் கேட்கிறார்கள். ஒருநாள் இரவு மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே, "இப்ப உங்களுக்கு பைஅத் மட்டும்தான் குறைவு" என்றா.

இரண்டு நாள் அவவோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு விளங்கியது. சாய்ந்து நிற்கப் பழகிய ஆள் சுவர் மாறினாலும் சாய்வான். அடுத்த கிழமையிலிருந்து நான் முன் விறாந்தையில் வினாத்தாள் திருத்திக்கொண்டு இருக்கிறேன். கதையை யார் தொடங்குவது என்று அவர்களே மாறி மாறிப் பார்த்துக்கொள்கிறார்கள். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கும்போது எனக்கு வயிற்றெரிச்சலாகவும் இருக்கும், சந்தோசமாகவும் இருக்கும்.

'வெளியூர் ஆட்கள்' யார் என்றும் கேட்டிருந்தீர்கள். பக்கத்துத் தமிழ் ஊரிலிருந்து ஒரு அண்ணன் சைக்கிளில் வருகிறார். வேதக்காரர். ஒரு வீட்டு ஜெபக் கூட்டத்தில் இருந்தவர். தீர்க்கதரிசி என்று சொல்லிக்கொண்ட ஒருவர் சொல்லித் தன் பிள்ளையின் வலிப்பு மருந்தை நிறுத்தியவர். பிள்ளை பிழைத்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த மனிதர் தன்னை இன்னும் மன்னிக்கவில்லை. முதல் நாள் வந்து வாசலில் நின்று, "நான் உங்கட ஆள் இல்ல, வரலாமா?" என்று கேட்டார். தம்பிதான் எழுந்து போய்க் கதிரை போட்டான்.

எங்கள் வீடு வைத்தியசாலை இல்லை. சிலருக்கு வைத்தியரும் மருந்தும் வேண்டியிருக்கிறது. நித்திரையே இல்லாமல் இருந்த ஒருவரை நாங்கள்தான் ஆதார வைத்தியசாலையில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போனோம். மிகவும் கஷ்டமான நிலையில் யாராவது இதை வாசித்தால், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். பெயர் சொல்லத் தேவையில்லை.

அந்த மௌலவியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அநியாயம். தம்பி தலையாட்டிய கதையை அவரிடம் ஒருநாள் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டு இருந்துவிட்டு, "அப்ப நான் அங்க வராம இருக்கிறதுதான் நான் செய்யக்கூடிய உதவி" என்றார். மறுநாள் மகனிடம் இரண்டு கிலோ சீனி கொடுத்தனுப்பினார். மாதா மாதம் வருகிறது. பள்ளியில் தம்பி செருப்பைக் கழற்றி மாட்டுவதைக் கண்டாலும் அவர் கூப்பிடுவதில்லை, சலாம் மட்டும் சொல்வார்.

கடிதம் எழுதிய சகோதரருக்கு: உங்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது, இப்போது இல்லை. 2019க்குப் பிறகு யாருடைய வீட்டிலாவது நாலு செருப்புக் கூடக் கிடந்தால் நாமே பயப்படுகிறோம். நீங்கள் பயந்தது பிழை என்று நான் சொல்லவில்லை. என்னிடம் நேரில் கேட்டிருக்கலாம்.

ஊராரிடம் நான் கேட்பது இரண்டு விசயம்தான். வராமல் நின்ற மூன்று பேரில் யாரையாவது தெருவில் கண்டால், "அந்தக் கூட்டத்துக்குப் போனியாமே" என்று எந்தக் கூட்டத்தையும் பற்றிக் கேட்காதீர்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். அந்த உஸ்தாத் கேட்டதைத்தான் நாமும் கேட்கப் போகிறோம், ஆனால் நாம் கேட்டுவிட்டு ஒன்றும் திருப்பி வாங்கப் போவதில்லை. மற்றது, உங்கள் குடும்பத்தில் யாராவது இப்படி ஒரு இடத்தில் இருந்தால், தொடர்பை அறுக்க வேண்டாம். சாப்பிடாமல் எழும்பிப் போனாலும் அடுத்த பெருநாளைக்கும் கோப்பை வையுங்கள். தம்பி திரும்பி வந்தது உம்மாவின் ஒப்பரேசன் செய்தி அவனுக்குக் கிடைத்ததால். அவனோடு கதைக்காதே என்று எல்லோரும் சொன்ன காலத்தில் அந்தச் செய்தியை அனுப்பியது அவனுடைய பதினாறு வயதுத் தங்கச்சி.

தம்பி இதை வாசிப்பான் என்று நினைக்கிறேன். மகன், உன்னுடைய நீலக் குடை இங்கேதான் இருக்கிறது. மழைக்காலம் தொடங்கிவிட்டது. எடுக்க வந்தால் உள்ளே வர வேண்டும் என்றில்லை, கதவுக்குப் பின்னால்தான் கொழுவியிருக்கிறேன்.

மற்றவர்களுக்கு, இந்தச் சனிக்கிழமையும் இஷாவுக்குப் பிறகு முன் லைட் எரியும். வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கத் தேவையில்லை, கேற் திறந்துதான் கிடக்கும். மௌலவியின் சீனி நிறைய இருப்பதால் தேத்தண்ணி கொஞ்சம் இனிப்பாகத்தான் இருக்கும். சீனி வருத்தக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வஸ்ஸலாம்.